வயிற்றில் எண் எழுதிய ஜாடிகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாகப் பதினோரு ஜாடிகள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அதென்ன, ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர்?" 2, 3, 5, 8, 10, 20 என்று ஒவ்வொரு ஜாடியின் வயிற்றிலும் கருநீலத்திலோ கறுப்பிலோ பெரிதாக ஓர் எண் இருக்கும். ஜாடி எத்தனை கேலன் கொள்ளும் என்பதற்கான அடையாளம் அது. அமெரிக்கக் கேலன் ஒன்று கிட்டத்தட்ட 3.8 லிட்டர். அப்படியானால் 20 என்று எழுதிய ஜாடியில் சுமார் 76 லிட்டர் பிடிக்கும்.

அந்த எண்களைப் பார்க்கும்போது என் மனதில் வேறொரு கணக்கு ஓடும். மினசோட்டாவில் ஆறு மாதம் குளிர். நவம்பரில் தரை உறைந்தால் தோட்டத்தில் ஏப்ரல் கடைசி வரை பச்சை என்று ஒன்று தலைகாட்டாது. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே பண்ணைவீட்டில் இருந்தவர்கள் அந்த ஆறு மாதத்தையும் ஜாடிக்குள் போட்டு வைத்ததைச் சாப்பிட்டுத்தான் கடந்திருக்கிறார்கள். 2 கேலன் ஜாடி என்றால் இரண்டு மூன்று பேர் உள்ள வீடாக இருக்கலாம். 20 கேலன் ஜாடி வாங்கியவள் பத்துப் பிள்ளைகளும் வேலையாட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டுக்காரியாக இருந்திருப்பாள். குளிர்காலத்துக்கு எத்தனை வாய் என்று எண்ணிப் பார்த்துத்தான் கடையில் போய் எண் சொல்லி வாங்கியிருப்பாள். அவள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் போட்ட கணக்கு மட்டும் ஜாடியில் நிற்கிறது.

இந்த ஜாடிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் ஜாடி

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, மிசிசிப்பி ஆற்றோரமாகக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பண்ணைவீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, மண்வெட்டி, சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு ஜாடி. நெஞ்சில் ஒரு சிவப்புச் சிறகு, அதற்கு மேலே 5. என் மனைவி "உங்க அப்பத்தா வீட்டு ஊறுகா ஜாடி மாதிரியே இருக்குங்க" என்றாள். அறுபது டாலர் கொடுத்து வாங்கினேன்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில் அடுப்படிக்குப் பின்னால் இருட்டறை ஒன்று இருந்தது. அங்கே மேல்பாதி காப்பி நிறமும் கீழ்ப்பாதி வெளுத்த மஞ்சளுமாக ஆறேழு ஜாடிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மாவடு ஒன்றில், உப்பு நார்த்தங்காய் ஒன்றில், பழம்புளி ஒன்றில். வாயில் வெள்ளைத் துணி போட்டு வேடு கட்டியிருப்பார்கள். ஈரக் கையோடு அந்தப் பக்கம் போனால் அப்பத்தாவின் சத்தம் வாசல் வரை கேட்கும்.

மினசோட்டாவில் வாங்கிய ஜாடி அப்பத்தா வீட்டு ஜாடியை விட நேராக, உருளையாக இருந்தது. கழுத்து கிடையாது. ஆனால் கையில் எடுத்தபோது அதே குளிர்ச்சி, அதே கனம். அந்த வாரமே முட்டைக்கோஸைச் சீவி, உப்புப் போட்டு, இந்த ஊர்க்காரர்கள் செய்கிற மாதிரி புளிக்க வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் தரையெல்லாம் தண்ணீர். தூக்கித் தலைகீழாகப் பார்த்தால் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். அதன் மேல் யாரோ ஏதோ பிசினைத் தடவி வெள்ளை அடித்து மறைத்திருந்தார்கள். விற்றவரிடம் வாங்கும்போது கேட்டிருந்தேன், "நல்லா இருக்கு" என்றுதான் சொன்னார்.

கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரவு அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பாண்டம் எப்படிச் செய்யப்படுகிறது, ஏன் ஒழுகக் கூடாது, ஏன் ஒழுகியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே தொடங்கியதுதான்.

மண் கல்லாகும் சூடு

நம் ஊர் மண்பானை ஏறத்தாழ 700 முதல் 900 டிகிரி செல்சியஸுக்குள் வேகும். அந்தச் சூட்டில் மண் இறுகும், ஆனால் உள்ளே நுண்துளைகள் இருக்கும். அதனால்தான் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. துளை வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீருக்கு நல்லது. ஊறுகாய்க்கு ஆகாது. உப்புத் தண்ணீர் துளைக்குள் இறங்கி, காய்ந்து, வெளிப்பக்கம் பூத்து, கடைசியில் பானையையே உதிர்த்துவிடும்.

ஸ்டோன்வேர் என்கிற பாண்டத்துக்கு வேறு மண் வேண்டும். 1200 டிகிரிக்கு மேல் போனாலும் உருகிச் சரியாத மண். அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ள, துளைகள் அடைபட்டுப்போகின்றன. ஓடு கல் மாதிரி ஆகிவிடுகிறது. பெயரும் அதனால்தான் வந்தது. ஈரமும் இறங்காது, உப்பும் இறங்காது, புளிப்பும் இறங்காது.

மெருகு விஷயத்திலும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தாழ்ந்த சூட்டில் வேகும் பாண்டங்களுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஈயம் கலந்த மெருகு பூசினார்கள். புளிப்பான பொருளை அதில் வைத்தால் ஈயம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். ஸ்டோன்வேருக்கு ஈயம் தேவைப்படவில்லை. ரைன் ஆற்றுப் பக்கத்து ஜெர்மானியக் குயவர்கள் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது, மேலேயுள்ள ஓட்டைகள் வழியாகக் கைப்பிடி கைப்பிடியாக உப்பை உள்ளே வீசினார்கள். சாதாரணச் சமையல் உப்புதான். அந்தச் சூட்டில் உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள மணல்சத்தோடு சேர்ந்து பாண்டத்தின் மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை மூட்டமாகக் கிளம்பும்.

இப்படி உப்பு மெருகு ஏறிய ஜாடியைத் தடவிப் பார்த்தால் வழுவழுப்பாக இருக்காது. ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் கையில் படும். உப்பைக் காக்கப் பிறந்த பாண்டத்துக்கு உப்பாலேயே சட்டை போட்டிருக்கிறார்கள். இதை முதல்முறை படித்தபோது எழுந்துபோய்க் கூடத்தில் இருந்த சாம்பல் நிற ஜாடியை மறுபடி தடவிப் பார்த்தேன்.

ஜாடிகளைச் சூளையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால் உப்பாவி உட்பக்கம் போகாது. அதனால் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரத்துப் பக்கம் ஹட்சன் ஆற்றங்கரையில் கிடைத்த ஒருவகைக் களிமண்ணைக் கரைத்து உள்ளே ஊற்றிச் சுழற்றினார்கள். சூளைச் சூட்டில் அது தானே உருகிக் காப்பி நிற மெருகாகிவிடும். வெளியே சாம்பல், உள்ளே காப்பி நிறம் என்று இருக்கும் பழைய அமெரிக்க ஜாடிகள் பலவற்றின் உள்மெருகு அந்த ஆற்று மண்தான்.

ரைன் கரையிலிருந்து மிசிசிப்பி கரைக்கு

ஜெர்மனியில் வெஸ்டர்வால்ட் என்ற மலைப்பகுதியின் சாம்பல் நிற ஜாடிகளும் அவற்றின் மேல் தீட்டிய கோபால்ட் நீலமும் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவை. நீலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. அந்தச் சூட்டைத் தாங்கி நிற்கும் நிறங்கள் மிகக் குறைவு, கோபால்ட் அதில் ஒன்று. இங்கிலாந்தில் ஜான் டுவைட் என்பவர் 1672இல் ஸ்டோன்வேர் செய்யும் உரிமத்தைப் பெற்று ஃபுல்ஹாமில் சூளை போட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் க்ரோலியஸ், ரெம்மி என்ற இரண்டு ஜெர்மானியக் குயவர் குடும்பங்கள் மன்ஹாட்டனில் சக்கரம் சுழற்றிக்கொண்டிருந்தன. இன்று வானளாவிய கட்டிடங்கள் நிற்கும் தீவில் அன்று உப்புப்புகை எழுந்திருக்கிறது.

கனமான பாண்டம் இது. வண்டியில் ஏற்றி மேடுபள்ளச் சாலையில் கொண்டுபோனால் பாதி உடையும். அதனால் மண்ணும் தண்ணீர்வழியும் எங்கே சேர்ந்து கிடைத்தனவோ அங்கெல்லாம் சூளைகள் முளைத்தன. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதி ஊர்களிலும் குயவர்கள் குடியேறினார்கள். வெர்மான்ட் மாநிலத்துப் பென்னிங்டனில் நார்ட்டன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்தது. அவர்கள் ஜாடியில் பறவையும் மானும் பூங்கொத்தும் நீலத்தில் தீட்டப்பட்டிருக்கும். அப்படியான ஜாடிகளுக்குத்தான் இன்று ஏலத்தில் போட்டி அதிகம்.

நான் இருக்கும் பக்கத்துக்கு இந்தத் தொழில் கொஞ்சம் தாமதமாக வந்தது. மினசோட்டாவில் குட்ஹியூ என்ற மாவட்டம். 1861இல் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஒரு குயவர் அங்கே மண் நன்றாக இருப்பதைக் கண்டு பாண்டம் செய்யத் தொடங்கினார். அதே மண்ணை நம்பி 1877இல் ரெட் விங் ஊரில் ரெட் விங் ஸ்டோன்வேர் கம்பெனி வந்தது. 1883இல் போட்டிக்கு மினசோட்டா ஸ்டோன்வேர் கம்பெனி. 1892இல் மூன்றாவதாக நார்த் ஸ்டார். அது நாலு வருஷம்தான் தாக்குப் பிடித்தது. மீதியிருந்த இரண்டும் 1906இல் ஒன்றாகி ரெட் விங் யூனியன் ஸ்டோன்வேர் கம்பெனி ஆயின. பக்கத்து ஊர்ப் பள்ளங்களிலிருந்து வெட்டிய மண் ரயிலில் வந்தது. அதே மண்ணில் ஊரில் கழிவுநீர்க் குழாய்களும் செய்தார்கள்.

ரெட் விங் என்றால் சிவப்புச் சிறகு. அந்த மண்ணில் வாழ்ந்த டகோட்டா மக்களின் தலைவர் ஒருவருக்கு வழங்கிய பட்டப்பெயர் அது. சிவப்புச் சாயம் தோய்த்த அன்னச் சிறகு அவருடைய சின்னம். 1851இல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தத்தில் அந்த நிலம் டகோட்டாக்களின் கையை விட்டுப் போனது. 1862இல் அதே அரசோடு நடந்த போருக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானவர்களை மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். கம்பெனி 1909 வாக்கில் தன் ஜாடிகளுக்குச் சிவப்புச் சிறகை முத்திரையாக எடுத்துக்கொண்டது. என் முதல் ஜாடியின் நெஞ்சில் இருப்பது அந்தச் சிறகுதான். யாருடைய சிறகு என்று தெரிந்த பிறகு அதை வெறும் அலங்காரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஜாடியைப் படிப்பது

பழைய ஜாடியின் வயதைச் சொல்லப் பெரும்பாலும் காகிதம் எதுவும் தேவையில்லை. கண்ணால் பார்த்தே பாதியைச் சொல்லலாம். ரெட் விங் ஜாடிகளையே எடுத்துக்கொள்கிறேன்.

வெளியே சாம்பலாக, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்து, கையால் நீலத்தில் எண்ணும் படமும் தீட்டியிருந்தால் அது உப்பு மெருகுக் காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு. இலை, வண்ணத்துப்பூச்சி, வட்டத்துக்குள் வட்டம் என்று ஒரு சில இழுப்புகளில் முடிந்துவிடும் படங்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ ஜாடிகளுக்குத் தீட்ட வேண்டியிருந்த கை அது, யோசிக்க நேரமில்லை. என்னிடம் உள்ள ஒரு 3 கேலன் ஜாடியில் இலையின் காம்பை இழுத்த தூரிகை முடிவில் கொஞ்சம் சறுக்கியிருக்கிறது. அந்தச் சறுக்கலைப் பார்த்தால் மேல்சட்டைக் கையை மடித்துவிட்டு அடுத்த ஜாடிக்குத் திரும்பும் ஓர் ஆளே கண்முன் வருவார்.

அதே ஜாடியின் தோளில் பழுப்பும் பச்சையுமாகப் பிசுபிசுவென்று வழிந்து உறைந்த ஒரு திட்டு உண்டு. பல வருஷம் உப்பு ஏறி ஏறிச் சூளையின் கூரையே உருகிச் சொட்டியதால் விழுந்தது. சேகரிப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'வான்கோழி எச்சம்'. நான் குறை என்று நினைத்திருந்தேன். அனுபவமுள்ள ஒருவர்தான், "அது சூளை போட்ட கையெழுத்து, துடைக்கப் பார்க்காதே" என்றார்.

1900ஐ ஒட்டி உப்பு மெருகு போய், துத்தநாகம் கலந்த வெள்ளை மெருகு வந்தது. ஜாடி வழுவழுவென்று பால் நிறமானது. தூரிகைக்குப் பதில் முத்திரை குத்தினார்கள். முதலில் பூர்ச்ச மர இலை முத்திரை, பிறகு சிவப்புச் சிறகு. சக்கரத்தில் கையால் வனைந்ததும் மாறி அச்சில் வார்ப்பது வந்தது. பெரிய ஜாடிகளின் பக்கத்தில் கம்பிக் கைப்பிடி மாட்டும் காது இருந்து, அதன் பக்கத்தில் 1915 டிசம்பர் 21 என்று காப்புரிமைத் தேதி குத்தியிருந்தால், அந்த ஜாடி அதற்குப் பிந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 60 கேலன் ஜாடிகூடச் செய்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு பிள்ளை ஒளிந்து விளையாடலாம்.

இவற்றில் என்னதான் போட்டு வைத்தார்கள்? ஜெர்மானிய வீடுகளில் புளிக்க வைத்த முட்டைக்கோஸ், வெள்ளரி ஊறுகாய், உப்பில் அடுக்கிய பன்றிக்கறி, வெண்ணெய், பன்றிக்கொழுப்பு. சோடியம் சிலிகேட் கரைசலில் முட்டைகளை மூழ்க வைத்து மாதக்கணக்கில் கெடாமல் வைத்துக்கொண்டார்கள். முட்டைக்கோஸ் ஊறும்போது மேலே ஒரு தட்டைப் போட்டு, அதன்மேல் ஆற்றில் எடுத்த கனமான கல்லைக் கழுவி வைப்பார்கள். காய் உப்புத் தண்ணீருக்கு மேலே தலை தூக்கினால் பூஞ்சை பிடிக்கும். மாவடு மேலே மிதக்கக் கூடாது என்று அப்பத்தா சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

பிறகு கண்ணாடி ஜாடி வந்தது. ஜான் மேசன் 1858இலேயே திருகுமூடிக் கண்ணாடிப் புட்டிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்ததால் சாராயக் குடுவைகளுக்கான வியாபாரம் படுத்தது. வீட்டுக்கு வீடு குளிர்பெட்டி வந்தது. ரெட் விங் கம்பெனி 1936இல் பெயரை மாற்றிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டு, பூச்சாடி பக்கம் திரும்பியது. 1947இல் ஜாடி செய்வது நின்றது. 1967இல் ஒரு வேலைநிறுத்தத்தோடு ஆலையே மூடியது. பத்தே வருஷத்தில், 1977இல், அந்தப் பாண்டங்களைச் சேகரிப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு ஜூலையிலும் ரெட் விங் ஊரில் கூடுகிறார்கள். பழைய ஆலை வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

பேர் வெட்டிய பாத்திரம்

நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டுவோம். எவர்சில்வர் குடத்தின் தோளில் அம்மா பேர், கல்யாணத் தேதி, யார் கொடுத்தது என்பதெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். பாத்திரம் யாருடையது என்பதற்கு அது பத்திரம் மாதிரி.

தென் கரோலினா மாநிலத்தில் எட்ஜ்ஃபீல்ட் என்ற ஊர்ப்பக்கம் டேவ் என்றொரு குயவர் இருந்தார். பிறந்தது 1800ஐ ஒட்டி. அடிமை. அவரை வாங்கினார்கள், விற்றார்கள். எட்ஜ்ஃபீல்டில் உப்பு மெருகு கிடையாது. மரச்சாம்பலும் மணலும் கலந்த ஒருவகை மெருகு, பழைய சீனப் பாண்டங்களில் இருப்பதற்கு நெருக்கமானது, ஆலிவ் பச்சையாகவும் பழுப்பாகவும் வழியும். அதில் டேவ் நாற்பது கேலன் வரை கொள்ளும் பிரம்மாண்டமான ஜாடிகளை வனைந்தார். பருத்தித் தோட்டங்களில் வேலை செய்த அடிமைகளுக்கான உப்புக்கறியும் கொழுப்பும் அவற்றில்தான் இருந்தன.

1834இல் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தென் கரோலினா சட்டம் போட்டுத் தடுத்தது. டேவ் எழுதினார். ஈர ஜாடியின் தோளில் குச்சியால் கீறித் தேதி போட்டார், தன் பெயரைப் போட்டார், சிலவற்றில் இரண்டடிக் கவிதையும் எழுதினார். பிரிக்கப்பட்ட உறவுகளைப் பற்றி 1857இல் எழுதிய ஒன்றும் அதில் உண்டு. முதலாளியின் பெயரின் முதலெழுத்துகளும் அதே ஜாடியில் இருக்கும், டேவ் என்ற பெயரும் இருக்கும். சட்டப்படி அவருக்கென்று எதுவும் சொந்தமில்லை, அவர் உடம்புகூட. அப்படிப்பட்டவர் பேர் வெட்டியிருக்கிறார். விடுதலைக்குப் பிறகு டேவிட் டிரேக் என்ற முழுப்பெயரோடு வாழ்ந்தார்.

2021இல் அவர் 1858இல் செய்த 25 கேலன் ஜாடி ஒன்று ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. ஆர்கன்சாவில் உள்ள கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் வாங்கியது. 2025இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் தன்னிடமிருந்த அவருடைய இரண்டு ஜாடிகளின் உரிமையை அவருடைய வழித்தோன்றல்களுக்கு ஒப்படைத்தது. செய்தவருக்குக் கூலியே போகவில்லை, அதனால் அவர் வம்சத்துக்கு அது சேர வேண்டும் என்ற நியாயம். அதில் ஒரு ஜாடியை அருங்காட்சியகம் அவர்களிடமிருந்தே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. சேகரிப்பு என்கிற விஷயத்தைப் பற்றி நான் படித்த செய்திகளில் எனக்கு மிக முக்கியமானது இது. பழம்பொருள் ஒன்றைக் கையில் எடுக்கும்போது இதைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிற பழக்கம் அதிலிருந்து எனக்கு வந்தது.

தாமஸ் காமெரா என்ற குயவரும் தன் ஜாடியில் பேர் பதித்தவர்தான். 1800ஐ ஒட்டி மன்ஹாட்டனில் சிப்பி ஊறுகாய் ஜாடிகள் செய்து ஊர்ப் பெயரோடு தன் பெயரையும் முத்திரை குத்தியவர். அவரை வெள்ளைக்காரர் என்றே ரொம்பக் காலம் நம்பியிருந்தார்கள். பிறகுதான் பழைய மக்கள்தொகைக் கணக்கேட்டில் அவர் சுதந்திரமான கறுப்பினத்தவர் என்று பதிவாகியிருந்தது தெரியவந்தது. இருநூறு வருஷம் பெயர் கண்ணெதிரே இருந்தது. ஆளைத்தான் யாரும் தேடவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

நீங்களும் பழைய ஜாடி வாங்க ஆசைப்பட்டால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

வெறும் கையால் தட்டிப் பாருங்கள். ஜாடியைத் தரையில் கம்பளத்தின் மேல் வைத்து, விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்ட வேண்டும். முழு ஜாடி மணி மாதிரி நீளமாகச் சத்தம் கொடுக்கும். கீறல் இருந்தால் 'தொக்' என்று அப்போதே செத்துவிடும்.

இருட்டில் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். பிசின் வைத்துப் பூசி வண்ணம் அடித்த இடம் மெருகுள்ள இடத்திலிருந்து வேறு நிறத்தில் மினுங்கும். என் முதல் ஜாடியில் அடிப்பகுதி முழுக்க அப்படித்தான் இருந்தது.

உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். பல வருஷம் கரண்டி சுற்றிய ஜாடியின் அடியில் வட்டமாக ஒரு தேய்மானம் இருக்கும். வயதான மாதிரி புதிதாகச் செய்து விற்கும் ஜாடியில் அது இருக்காது.

மூடி தனியாகக் கிடைத்தால் விடாதீர்கள். மூடிகள்தான் முதலில் உடைந்துபோனவை.

சாப்பிடும் பொருளை வைப்பதில் கவனம் வேண்டும். ஸ்டோன்வேருக்கு ஈய மெருகு தேவையில்லைதான். ஆனால் ஐம்பது வருஷம் கொட்டகையில் கிடந்த ஜாடியில் யார் என்ன ஊற்றி வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. என்னிடம் உள்ளவற்றில் ஒரே ஒரு 2 கேலன் ஜாடியைத்தான் சமையலறைக்குக் கொண்டுபோனேன். அதையும் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த பிறகுதான்.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பறவை தீட்டிய ஜாடிகள் ஆயிரக்கணக்கில் போகும். சாதாரணச் சிறகு ஜாடியைத் தேடினால் கைக்கு அடங்கும் விலையில் கிடைக்கும். பக்கத்து ஊர் மளிகைக் கடைப் பெயர் அச்சடித்த ஜாடிகளும் உண்டு. அந்தந்த ஊர்க்காரர்கள் தேடி அலைவது அவற்றைத்தான்.

அம்மா தட்டிய சத்தம்

போன கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஒரு நாள் பழம்பொருள் கடைக்குக் கூட்டிப்போனேன். நான் ஒரு 8 கேலன் ஜாடியை விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து, குனிந்து, ஆள்காட்டி விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"விட்டுருடா. விண்டிருக்கு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஜாடியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், விளிம்புக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். நான் ஒன்பது வருஷத்தில் படித்துத் தெரிந்துகொண்ட சோதனையை அம்மா சந்தையில் பொங்கல் பானை வாங்கியே கற்றிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அப்பத்தா வீட்டு ஜாடிகளைப் பற்றிக் கேட்டேன். "அதுல ரெண்டு பர்மாவுலேருந்து வந்ததும்பாங்க" என்றார்கள். எங்கள் பக்கத்தில் பர்மா போகாத குடும்பம் குறைவு. பர்மாவில் மர்த்தபான் என்றொரு துறைமுகம். அங்கிருந்து மெருகேற்றிய பெரிய ஜாடிகள் இந்தியப் பெருங்கடல் முழுக்கப் போயின. இந்தியில் இன்றும் ஊறுகாய் ஜாடிக்குப் பேர் 'மர்த்தபான்'. பதினாலாம் நூற்றாண்டில் கடலோடிய இபின் பதூதா, கப்பல் பயணத்துக்கென்று இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பில் ஊறப்போட்டு அந்த ஜாடிகளில் கொடுத்ததை எழுதிவைத்திருக்கிறார். மினசோட்டாப் பண்ணைக்காரிக்கு ஆறு மாதப் பனி. கப்பலோட்டிக்கு மாதக்கணக்கில் கடல். இரண்டு பேரும் நம்பியது உப்பையும் கல்லாக வெந்த மண்ணையும்தான்.

அப்பத்தா வீடு இப்போது இல்லை. பங்கு பிரித்தபோது இடித்துவிட்டார்கள். ஜாடிகள் எங்கே போயின என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அதே மாதிரி ஜாடிகள் வாசல் வரை அடுக்கிக் கிடக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்கிக் கழுவி, யார் வாங்கியது, எங்கிருந்து வந்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். அந்தத் தாள் இல்லாததால்தான் அப்பத்தாவின் பர்மா ஜாடிகளைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், அந்த 2 கேலன் ஜாடியை வெயிலில் காயவைத்து எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டார்கள். நாற்பது எலுமிச்சை, கல்லுப்பு, மஞ்சள்தூள். என் பழைய வேட்டியைக் கிழித்து வேடு கட்டினார்கள். அப்பத்தா ஜாடியைத் தூக்கிக் குலுக்கிவிடுவார். இந்த ஜாடி குலுக்க முடியாத கனம் என்பதால் மரக்கரண்டியால் கிளறச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் ஜாடிக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது நலம் விசாரிப்பதற்கு முன்னால் அம்மா கேட்பது இதுதான்: "ஜாடியக் கிளறிவிட்டியாடா? கையில ஈரமில்லாமப் பாத்துக்கிட்டியா?"